நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

பஃபலோவாசி:

நானே ஆரம்பிக்கிறேன். நியூயார்க் மாநிலத்து பஃபலோவுக்குக் குடிவந்து மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு போகும் தெருவின் பெயர் ஃபோர்டாம் டிரைவ். இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் நீளமாகப் புல்தரை, அதில் ஒரு பாறாங்கல். எங்கள் நாய் தவறாமல் காலைத் தூக்குகிற கல். ஒரு மார்ச் மாதம் பனி கரைந்தபோதுதான் அதில் பதித்திருந்த பலகையைப் படித்தேன். அதிபர் மெக்கின்லி சுடப்பட்ட இடம். அன்றிலிருந்து நாயை எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறேன். ஏன் என்று அதற்கு இன்னும் புரியவில்லை.

1901 செப்டம்பர் 6. அப்போது இங்கே வீடுகள் கிடையாது, பெரிய பொருட்காட்சி. நயாகராவிலிருந்து மின்சாரம் கொண்டுவந்து கட்டடங்களையெல்லாம் விளக்கால் இழைத்திருந்தார்கள். சங்கீத மண்டபத்தில் மெக்கின்லி வரிசையாக வந்தவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். லியோன் சோல்காஷ் கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. அடிபட்ட கை என்று நினைத்திருப்பார்கள். உள்ளே துப்பாக்கி. இரண்டு முறை சுட்டான்.

பொருட்காட்சி ஆஸ்பத்திரியில் அறுவை செய்ய வெளிச்சம் போதவில்லை. சாயங்கால வெயிலைத் தட்டில் பிடித்து வயிற்றின் மேல் திருப்பினார்களாம். வெளியே ஆயிரக்கணக்கில் விளக்குகள்! எக்ஸ்ரே இயந்திரமும் அதே பொருட்காட்சியில் பார்வைக்கு இருந்தது, அதையும் பயன்படுத்தவில்லை. 14-ஆம் தேதி அதிகாலை அவர் போய்விட்டார்.

எனக்கு அதிகம் உறுத்துவது ஜேம்ஸ் பார்க்கரின் கதை. சோல்காஷுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கறுப்பினத்தவர். பொருட்காட்சி உணவகத்தில் வேலை பார்த்தவர். அடுத்த குண்டுக்கு முன்னால் அவன் மேல் பாய்ந்து விழுந்தவர் அவர்தான். முதல் சில நாள் பத்திரிகைகள் கொண்டாடின. அப்புறம் பாதுகாவலர்கள் ‘அப்படி யாரையும் பார்க்கவில்லை’ என்கிற ரீதியில் பேசினார்கள். விசாரணையில் அவரைச் சாட்சியாகக்கூட அழைக்கவில்லை.

டெலவேர் அவென்யூவில் வில்காக்ஸ் வீடு இருக்கிறது, ஊருக்கு விருந்தாளி யார் வந்தாலும் கூட்டிப்போவேன். துணை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மலையேறப் போயிருந்தவர், ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரை வண்டியிலும் ரயிலிலும் வந்து சேர்ந்து, இரவல் கோட்டு போட்டுக்கொண்டு அந்த வீட்டு நூலக அறையில் பதவி ஏற்றார். வயது 42. உறுதிமொழி எடுத்தபோது யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. அந்தச் சின்ன அறையிலிருந்துதான் ரயில் கம்பெனிகளையும் இறைச்சிக் கம்பெனிகளையும் அடக்கிய ஆள் கிளம்பினார் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். நம் ஆட்களுக்கு இப்படி எங்கேயாவது எதிர்ப்பட்டிருக்கிறதா? எழுதுங்கள்.

மக்காத்தி தமிழன்:

பஃபலோ அண்ணா, கல் கதை அருமை. ஆனால் சிலிர்ப்பு விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அதே செப்டம்பரின் மிச்சம் இங்கே இருக்கிறது.

நான் பிலிப்பைன்ஸில், மணிலாவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் சாமார் தீவுக்காரர். ஒரு நீண்ட விடுமுறையில் அவரோடு பலங்கிகா போனேன். டக்லோபானிலிருந்து சான் ஹுவானிக்கோ பாலம் தாண்டிப் போகவேண்டும். சின்ன ஊர்தான். சதுக்கத்தில் ஒரு சிற்பக் கூட்டம்: அரிவாளோடு பாயும் ஆண்கள், காலைச் சாப்பாட்டு மேஜையில் அமெரிக்கச் சிப்பாய்கள். எதிரே தேவாலயம். அதன் மணிகளைப் பார்க்கத்தான் போனோம்.

1901 செப்டம்பர் 28, ரூஸ்வெல்ட் பதவி ஏற்று சரியாக இரண்டு வாரம். சிப்பாய்கள் காலைச் சாப்பாட்டில் இருந்தபோது தேவாலய மணி அடித்தது. அதுதான் சமிக்ஞை. ஊர்க்காரர்கள் பாய்ந்தார்கள், 48 அமெரிக்கர்கள் செத்தார்கள். பதிலுக்கு ஜேக்கப் ஸ்மித் என்கிற ஜெனரல், பத்து வயதுக்கு மேல் ஆயுதம் தூக்கக்கூடிய எல்லோரையும் கொல்லச் சொன்னார், சாமாரை ஊளையிடும் வனாந்தரமாக்கச் சொன்னார். விசாரணை நடந்தது. தண்டனை? கண்டனம், அதன் மேல் ரூஸ்வெல்ட் கொடுத்த கட்டாய ஓய்வு. அவ்வளவுதான்.

மணிகள் மூன்றையும் வெற்றிப் பொருளாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வயோமிங்கில் ஒரு விமானப்படைத் தளத்தில், ஒன்று தென் கொரியாவில் அந்தப் படைப்பிரிவோடு. 2018 டிசம்பரில்தான் திரும்பி வந்தன. நூற்றுப்பதினேழு வருடம்! நண்பர் பெரிய மணியின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் படம் எடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்பெயினிடமிருந்து இந்தத் தீவுகளை அமெரிக்கா 2 கோடி டாலருக்கு 1898 டிசம்பரில் எழுதி வாங்கியது. பிலிப்பைன்ஸ்காரர்களோடு சண்டை ஆரம்பித்த முதல் குண்டு 1899 பிப்ரவரி 4 ராத்திரி மணிலாவின் சாந்தா மேசாவில் வெடித்தது. ஞாபகப் பலகை இருக்கும் முனையில் சந்திக்கும் தெருக்களின் பெயர் சோசியேகோ, சிலென்சியோ. ஸ்பானிஷில் ‘அமைதி’, ‘மௌனம்’. ஜீப்னி என்கிற ஷேர் வண்டிகளின் ஹாரன் காதைப் பிளக்கிற இடம். போர் முடிந்துவிட்டது என்று ரூஸ்வெல்ட் அறிவித்தது 1902 ஜூலை 4, அதற்கு அப்புறமும் சண்டை ஓயவில்லை. பட்டினியும் காலராவும் சேர்ந்து செத்த பொதுமக்கள் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள்.

பஃபலோவாசி:

இரண்டு வாரக் கணக்கை நான் யோசித்ததே இல்லை, தம்பி. வில்காக்ஸ் வீட்டில் மறுபடி ஒரு சுற்று சுற்றவேண்டும், இந்த முறை மணியை மனதில் வைத்துக்கொண்டு.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:

நான் அமெரிக்காவில் இருப்பவன் இல்லைங்க. பையர் மீட்டிங்குக்காக மூன்று தடவை நியூயார்க் போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு தடவை போனது மார்ச் 25. மீட்டிங் தள்ளிப்போனதால் ஊரைச் சுற்றினேன். கீழ்க்கிழக்குப் பகுதியில் ஒரு பழைய குடியிருப்பு வாசலில் ஒரு பெண் மண்டியிட்டு, கலர் சாக்பீஸால் நடைபாதையில் எழுதிக்கொண்டிருந்தாள். கோலம் போடுகிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு பெயர், வயது, முகவரி, அப்புறம் ‘டிரையாங்கிள் தீ’.

டிரையாங்கிள் என்ற தையல் ஆலையில் பிடித்த தீயில் செத்தவர்கள் குடியிருந்த வாசல்களில் வருடா வருடம் இப்படி எழுதுகிறார்களாம். மழை வந்தால் போய்விடும், அடுத்த வருடம் மறுபடி எழுதுவார்கள். கேட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கே நடந்து போனேன். இப்போது பல்கலைக்கழகத்தோடது. பத்து மாடி. நிமிர்ந்து ஒன்பதாவது மாடியை எண்ணிப் பார்த்தேன்.

1911-இல் நடந்தது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எட்டாவது மாடியில் கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த வேஸ்ட் துணியில் தீப்பிடித்தது. பத்தாவது மாடி ஆபீசுக்குப் போனில் தகவல் போனது, ஒன்பதாவது மாடியில் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் போகவில்லை. அங்கே ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடிப்போகக் கூடாது, எல்லோரும் ஒரே வழியாக வந்து பையைக் காட்டிவிட்டுப் போகவேண்டும், அதற்காக. வெளிப்பக்க இரும்பு ஏணி ஆள் பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டி ஏணி ஆறாவது மாடியைத் தாண்டவில்லை. 146 பேர். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பத்துப் பெண்கள். 14 வயதுக் குழந்தைகளும் உண்டு.

முதலாளிகள் இரண்டு பேரும் விடுதலை. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியவில்லையாம். அதில் ஒருவர் 1913-இல் வேறொரு ஆலையில் மறுபடி கதவைப் பூட்டி மாட்டினார். அபராதம் 20 டாலர்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த ஒரு யூனிட்டில் பின்பக்க எமர்ஜென்சி கதவுக்கு ஆடிட் அன்றைக்கு மட்டும் பூட்டு இருக்காது. வண்டி கேட் தாண்டியதும் பூட்டு மாட்டிவிடுவார்கள். காரணம் அதேதான், ‘பீஸ் போகுது’. அந்தச் சாவி கொஞ்ச நாள் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. நானும் ஒன்றும் கேட்டதில்லை. ஊர் திரும்பிய வாரம் அந்தச் சாவியைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, இனி என்னிடம் வேண்டாம் என்றேன். வேறு யாரிடமோ போயிருக்கும், அது வேறு விஷயம்.

தெருவில் நின்று அந்தத் தீயை நேரில் பார்த்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் பிறகு தொழிலாளர் சட்டங்களுக்காகவே ஓடி, 1933-இல் நாட்டின் தொழிலாளர் துறைச் செயலர் ஆனார். போன தடவை நான் போனபோது கட்டடத்து மூலையில் எஃகுப் பட்டையில் பெயர்களை வெட்டி நினைவுச் சின்னம் வைத்திருந்தார்கள். 2023-இல் திறந்ததாம். இடுப்புயரத்தில் கறுப்புப் பலகை, குனிந்தால் மேலே உள்ள பெயர்கள் அதில் தெரிகின்றன. எனக்குச் சாக்பீஸ்தான் பிடித்திருக்கிறது.

ஃப்ரீமான்ட் அக்கா:

திருப்பூர் தம்பி எழுதியதற்குப் பிறகு என்னுடையது சப்பென்று இருக்கும், பரவாயில்லை.

எனக்கு எதிர்ப்பட்டது தபாலில். குடியுரிமை வாங்கி நான் போட்ட இரண்டாவது ஓட்டு, 2021 செப்டம்பர். கலிஃபோர்னியா ஆளுநர் நியூசமைப் பதவியிலிருந்து இறக்கலாமா என்று ஒரு கேள்வி, இறக்கினால் யார் என்று இன்னொன்று. இரண்டாவதின் கீழே 46 பெயர். காபி ஆறும்வரை படித்தேன். ஊரில் ஐந்து வருடம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்போமே, இங்கே நடுவில் இறக்கலாம் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இது எப்போது வந்தது என்று தேடினால் 1911 அக்டோபர் 10. மாநிலத்தையே சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி சட்டைப்பையில் வைத்திருந்த காலம். அதை உடைக்கிறேன் என்று ஜெயித்து வந்த ஆளுநர் ஹைரம் ஜான்சன், மக்களே சட்டம் கொண்டுவரலாம், ரத்து செய்யலாம், ஆளை இறக்கலாம் என்று மூன்றையும் ஓட்டுக்கு விட்டு வாங்கினார். அதே நாள் பெண்களுக்கு ஓட்டுரிமையும் கிடைத்தது, 3,587 ஓட்டு வித்தியாசத்தில். மனுஷன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் படித்திருக்கக் கூடாது. 1913-இல் ஆசியக் குடியேறிகள் நிலம் வாங்கக் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் இவரேதான். ஜப்பானியரைக் குறிவைத்தது, பின்னாளில் பஞ்சாபி விவசாயிகளையும் பிடித்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்ததே 1946-இல்தான்.

ஓட்டுச்சீட்டு அவர் கொடுத்தது, அதை வைத்து எழுதின மேஜையும் அது இருக்கும் வீடும் அவர் காலத்தில் எனக்குக் கிடைத்திருக்காது. ‘வேண்டாம்’ என்று குறித்துவிட்டு உறையை ஒட்டினேன். (நியூசம் தப்பித்தார். தேர்தல் செலவு சுமார் 20 கோடி டாலர், நம் வரிப்பணம்.)

மக்காத்தி தமிழன்:

அக்கா, சப்பென்றெல்லாம் இல்லை. ரூஸ்வெல்ட் 1912-இல் போட்டியிட்டபோது துணை அதிபர் வேட்பாளர் இந்த ஹைரம் ஜான்சன்தான்!

ஃப்ரீமான்ட் அக்கா:

அடப்பாவமே.

பேர் வேண்டாம்:

சின்னது ஒன்று. இந்தியானாவில் ஒரு சிற்றூர், கோர்ட் வாசல் புல்தரையில் கறுத்துப்போன உலோகப் பலகை. ஹவானா துறைமுகத்தில் 1898 பிப்ரவரியில் வெடித்து மூழ்கிய மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் உலோகத்தை உருக்கி வார்த்தது. இதுபோல ஆயிரத்துக்கு மேல் வார்த்து ஊர் ஊராக அனுப்பினார்கள். ஸ்பெயின் கண்ணிவெடி வைத்துவிட்டது என்று அப்போது பத்திரிகைகள் கத்தின, இரண்டே மாதத்தில் போர். 1976-இல் கடற்படை அட்மிரல் ரிக்கோவர் ஆராய்ந்து, உள்ளேயே நிலக்கரி அறையில் பிடித்த தீயாக இருக்கலாம் என்றார். பலகையில் ஒரு பெண், கையில் கேடயம். எனக்கு ஓட்டுநர் உரிமம் சம்பந்தமாக அபராதம் கட்டவேண்டியிருந்தது, அரை மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றேன். வெயிலில் தொட்டால் சுடுகிறது.