ஐஐடி மெக்கானிக்கல் முடிக்கிற பிள்ளைக்கு எது வழி: கன்சல்டிங்கா, மகேந்திரகிரியா?

பாளைவாசி:
ஐஐடியில மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை வீட்டுல கேக்குத கேள்வி இதுதான். என் கட்சி கன்சல்டிங் (நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லுத வேலை), சாஃப்ட்வேர், நிதி நிறுவனம். நிறுவனங்க கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்குத வளாகத்தேர்வு நாலாம் வருசம் டிசம்பர் 1-ல தொடங்குது. ஒரு வேலையை வாங்கிட்டா பெரும்பாலும் அடுத்ததுக்கு உக்கார விடமாட்டாங்க. நெசமான போட்டி அதுக்கும் முன்னால இருக்கு. மூணாம் வருசத் தொடக்கத்துல நடக்குத கோடை இன்டர்ன்ஷிப் தேர்வுல எடம் பிடிச்சு, அங்க நல்லா செஞ்சா, டிசம்பருக்கு முன்னாடியே வேலைக் கடிதம் கைக்கு வந்துரும்.

வள்ளியூர்காத்து:
அண்ணாச்சி, பேப்பர்ல வார சம்பளப் பேக்கேஜைப் பிரிச்சுப் பாத்தீயளா? ஒரு கணக்குக்கு 40 லட்சம்னு வைங்க. சம்பளம் 18, சேரும்போது தார போனஸ் 4, நிறுவனப் பங்கு 16, பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் சேத்து 2. அந்தப் பங்கு நாலு வருசத்துக்கு உள்ளது. ஒரு வருசம் முடிஞ்சாத்தான் முதல் கால்வாசி, 4 லட்சம். போனஸ் ஒரு தடவைதான். வருசத்துக்குள்ள வெளியேறினா திருப்பிக் கட்டணும்னு ஒப்பந்தத்துல எழுதியிருப்பாங்க. கிராஜுவிட்டி வாங்க அஞ்சு வருசம் இருக்கணும். அப்ப 40-ன்னு சொன்னதுல மாசாமாசம் சம்பளமா வாரது வருசத்துக்கு 18 லட்சந்தான், அதுலயும் வரி போகும்.

இந்தப் பக்கம், இஸ்ரோவுல பொறியாளர் சேருத தொடக்கப் பதவியான 'சயன்டிஸ்ட் எஸ்சி'க்கு அடிப்படைச் சம்பளம் மாசம் 56,100, மத்திய அரசுச் சம்பளப் பட்டியல்ல நிலை 10. ஐஏஎஸ் தொடக்கமும் அதே நிலைதான். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துல விகாஸ், கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின்களை மேடையில ஏத்திச் சோதிக்காங்க. நாலு வருசம் வெப்பவியல் படிச்ச பிள்ளைக்கு அதைவிட வேற என்ன வேலை வேணும்?

பாளைவாசி:
மகேந்திரகிரின்னு சொல்லி மனு போட முடியாதுல்லா! இஸ்ரோ எந்த மையத்துக்கும் அனுப்பும். அணுமின் கழகமும் அப்படித்தான். கூடங்குளம்னு நெனச்சுப் போனவன் வடக்க ராவத்பாட்டாவுலயோ நரோராவுலயோ கெடக்கலாம். ஒரு வருசப் பயிற்சி, அதுக்கு மேல ஒப்பந்தப் பத்திரம் வேற. வயசு வரம்பும் நெருக்கும்: பொதுப்பிரிவுக்கு அணுமின் கழகத்துல 26, இஸ்ரோவுல 28.

அம்பைவாசகி:
நம்ம மாவட்டத்துல பாதிப் பேரு மனசுல இருக்கது கலெக்டர் வேலை. அதை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. அதுக்கு எழுதுத யுபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வுல, முதல்நிலையைத் தாண்டினா முதன்மைத் தேர்வு 1750, நேர்முகம் 275, ஆக 2025 மதிப்பெண். விருப்பப்பாடம் மட்டும் 500. மெக்கானிக்கலையே விருப்பப்பாடமா எடுக்கலாம், கணக்குப் போடத் தெரிஞ்சவங்களுக்கு அது பலம்.

வள்ளியூர்காத்து:
அக்கா, எல்லாப் பணிக்கும் சேத்து வருசத்துக்குச் சுமார் ஆயிரம் இடம், அதுல ஐஏஎஸ் 180. பொதுப்பிரிவுக்கு ஆறு தடவை, ஓபிசிக்கு ஒன்பது. அத்தனையும் எழுதி முடிக்கிறதுக்குள்ள தொழில் கை விட்டுப் போயிரும். விருப்பப்பாடம்னு சொல்லுதீங்க, முதல்நிலையில அது கேள்வியே இல்லையே. அங்கதான் பெரும்பாலானவங்க நின்னுபோறாங்க. தப்பான விடைக்கு மூணுல ஒரு பங்கு வேற கழியும். ரெண்டு தடவையில அதைத் தாண்டலைன்னா நிறுத்திரணும்.

அம்பைவாசகி:
நிறுத்துனா போக ஒரு எடம் வேணும்லா, அதுக்குத்தான் கேட், பொறியியல் மேற்படிப்புக்கும் பொதுத்துறை வேலைக்கும் எடுத்துக்கிடுத தேர்வு. மூணாம் வருசத்துலயே எழுத விடுதாங்க, மதிப்பெண் மூணு வருசம் செல்லும். 65 கேள்வி, 100 மதிப்பெண், மூணு மணி நேரம். ஐஐடி பிள்ளைங்க செமஸ்டர் படிப்பு போதும்னு போய் அங்க சறுக்குதாங்க. 15 மதிப்பெண் பொதுத்திறன், அதுபோக பொறியியல் கணிதம். ரெண்டையும் தொடாம விட்டா ரேங்க் எங்கயோ போயிரும். எண்ணை நேரா எழுதுத கேள்விக்குக் கழிவு கெடையாது, ஒண்ணைக்கூட வெறுமனே விடக்கூடாது.

பாளைவாசி:
கேட் பிப்ரவரியில வருது, வளாகத்தேர்வு டிசம்பர்ல. நாலாம் வருசத்துல ரெண்டையும் தூக்கினா ரெண்டும் போகும். மூணாம் வருசத்துல எழுதட்டும், அதை ஒத்துக்கிடுதேன். ஆனா இன்டர்ன்ஷிப் தேர்வை அதுக்காக விடச் சொல்லாதீய.

வள்ளியூர்காத்து:
விடச் சொல்லலை அண்ணாச்சி. சில பொதுத்துறை நிறுவனம் குறிப்பிட்ட வருச கேட் மதிப்பெண்ணை மட்டுந்தான் எடுத்துக்கிடும். அறிவிப்புல அந்த வருசத்தைப் பாத்துட்டுத்தான், நாலாம் வருசம் மறுபடி எழுதணுமான்னு முடிவு பண்ணணும்.