சாம்பியன்ஸ் லீக்: 11 புள்ளி எடுத்த நாலு டீம்ல ஒண்ணு மட்டும் ஏன் வெளியே?

நடுக்கோடு எழுதியது:

சாம்பியன்ஸ் லீக் புது முறைக்கு எக்செல்ல ஒரு பட்டியல் தயார் பண்றேன். ஸ்கோரைப் போட்டா 36 டீமும் தானா வரிசையில நிக்கணும். 8-ஆம் இடத்துக்குக் கீழே ஒரு கோடு, 24-க்குக் கீழே ஒரு கோடு (முதல் எட்டு டீம் நேரா 16 டீம் ஆடுற ரவுண்ட் 16-க்கு, 9–24 அதுக்கு முந்தின பிளேஆஃப் சுற்றுக்கு, மீதி வெளியே). சரியா வருதான்னு பார்க்க 2024–25 சீசனோட 144 மேட்ச் ஸ்கோரையும் உள்ளே போட்டேன். மூணு இடத்துல இடிக்குது.

ஒண்ணு, மான்செஸ்டர் சிட்டி, ஸ்போர்ட்டிங், கிளப் ப்ரூஜ், டினாமோ ஸாக்ரெப் நாலும் 11 புள்ளி. புள்ளி சமமானா நேருக்கு நேர் மோதின முடிவைப் பார்க்கச் சொல்லித்தான் சூத்திரம் எழுதியிருக்கேன். ஸ்போர்ட்டிங் சிட்டியை ஜெயிச்சது, சிட்டி ப்ரூஜை ஜெயிச்சது, ப்ரூஜ் ஸ்போர்ட்டிங்கை ஜெயிச்சது. டினாமோ இந்த மூணு பேரோடயும் ஆடவே இல்லை, அந்தக் கட்டத்துல பிழைன்னு வருது.

ரெண்டு, ரியல் மாட்ரிட்டும் பயர்ன் மியூனிக்கும் ரெண்டுமே 11-ஆம் இடம்னு காட்டுது. அடுத்த டீம் நேரா 13.

மூணு, கடைசி நாள் ஸ்கோரை அழிச்சுப் பார்த்தா எல்லாருக்கும் ஒரு புள்ளி கூடுதலா நிக்குது.

இதோட, எந்த இடத்துல முடிச்சா யாரோட மோதணும்னும் பட்டியல்லயே காட்டணும். அந்த விதியையும் சொன்னா உதவியா இருக்கும்.

கார்னர்கொடி எழுதியது:

நேருக்கு நேர் முடிவு இந்தச் சுற்றுல எங்கேயுமே வராது. அந்தப் பத்தியை மொத்தமா எடுத்துடுங்க. பழைய குரூப்ல நாலு டீமும் ஒருத்தரோட ஒருத்தர் ரெண்டு தடவை ஆடினாங்க, அதனால அது நியாயமா இருந்தது. இப்ப ஒரு டீம் எட்டு பேரை மட்டும்தான் சந்திக்குது. குலுக்கலுக்காக டீம்களை நாலு பாட்டா (கூடையா) பிரிப்பாங்க. ஒவ்வொரு பாட்லயும் இருந்து ரெண்டு பேர், ஒருத்தரைச் சொந்த மைதானத்துல, இன்னொருத்தரை வெளியே. சொந்த நாட்டு டீம் வராது, வேற ஒரே நாட்டுல இருந்து ரெண்டுக்கு மேல வராது. இப்படி இருக்கும்போது சம புள்ளியில நிக்கிற டீம்கள்ல பெரும்பாலானவங்க ஒருத்தரோட ஒருத்தர் மோதியிருக்கவே மாட்டாங்க.

புள்ளி சமமானா பார்க்கிற வரிசை இது: கோல் வித்தியாசம் (அடிச்சதுல வாங்கினதைக் கழிச்சது), அடித்த மொத்த கோல், வெளி மைதானத்துல அடித்த கோல், வெற்றிகள், வெளி மைதான வெற்றிகள். இதுலயும் சமம்னா, அந்த டீம் சந்திச்ச எட்டு பேரும் சேர்ந்து எடுத்த புள்ளி, பிறகு அவங்களோட கோல் வித்தியாசம், அவங்க அடிச்ச கோல். அதுக்கப்புறம் கார்டு கணக்கு (மஞ்சள் 1, சிவப்பு 3, ரெண்டு மஞ்சள்ல வெளியேறினாலும் 3, குறைவா வாங்கினவங்க மேலே). கடைசியா கிளப் கோஎஃபிஷியன்ட் (முந்தைய சீசன்கள்ல ஐரோப்பியப் போட்டிகள்ல ஆடினதை வச்சு கிளப்புக்குத் தர்ற மதிப்பெண்).

உங்க நாலு டீமுக்கு முதல் விதியே போதும். சிட்டி +4, ஸ்போர்ட்டிங் +1, ப்ரூஜ் –4, டினாமோ –7. அதனால டினாமோ 25.

அந்த –7 எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா இந்த முறை எப்படிப்பட்டதுன்னு புரியும். முதல் மேட்ச், 2024 செப்டம்பர் 17, மியூனிக். இடைவேளைக்கு பயர்ன் 3–0. ரெண்டாம் பாதி ஆரம்பிச்சதும் டினாமோ அடுத்தடுத்து ரெண்டு அடிச்சு 3–2 ஆக்கினாங்க. அப்புறம் ஆறு வாங்கி 9–2. பயர்ன் ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் மட்டும் நாலு, அதுல மூணு பெனால்டி. மீதி ஏழு மேட்ச்ல டினாமோ அடிச்சது 10, வாங்கினது 10. அதாவது அவங்க மொத்தக் கோல் வித்தியாசமும் அந்த ஒரே ராத்திரியில விழுந்தது. அன்னைக்கு 6–2-ல நின்னிருந்தா –4, ப்ரூஜுக்குச் சமம். அடுத்த விதி அடித்த கோல். டினாமோ 12, ப்ரூஜ் 7. டினாமோ உள்ளே, ப்ரூஜ் வெளியே.

பழைய குரூப்லயா இருந்தா, தோத்தது உறுதியான மேட்ச்ல கடைசி அரை மணி நேரம் எத்தனை வாங்கினாலும் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. இங்கே செப்டம்பர்ல வாங்கின ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது கோல் ஜனவரியில வந்து ஆளை வெளியே தள்ளுது. பட்டியல்ல கோல் வித்தியாசத்தைப் புள்ளிக்குப் பக்கத்துலயே பெரிசா காட்டுங்க. அதை மூலையில வச்சா பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

வலைக்கம்பம் எழுதியது:

ரெண்டாவது, மூணாவது சிக்கலுக்கு நான் சொல்றேன்.

எல்லாருக்கும் ஒரு புள்ளி கூடுதலா வர்றது காலிக் கட்டத்தால. ரெண்டு ஸ்கோர் கட்டமும் காலியா இருந்தா எக்செல் ரெண்டும் சமம்னு எடுத்துக்கும், டிரான்னு நினைச்சு ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்துடும். ரெண்டு கட்டத்துலயும் எண் இருந்தா மட்டும் அந்த வரியைக் கணக்குல எடுன்னு முதல்லயே ஒரு நிபந்தனை போடுங்க. 0–0 மேட்சுக்கு பூஜ்யத்தை டைப் பண்ணணும், விட்டுடக் கூடாது.

ரியல், பயர்ன் விஷயம் சுவாரஸ்யமானது. ரெண்டும் 15 புள்ளி, +8, அடிச்சது 20, வாங்கினது 12. வெளி மைதான கோல் பாருங்க: ரியல் அடலாண்டாகிட்ட 3, ப்ரெஸ்ட்கிட்ட 3, மத்த ரெண்டுல பூஜ்யம். பயர்ன் ஷக்தார்கிட்ட 5, பார்சிலோனாகிட்ட 1, மத்த ரெண்டுல பூஜ்யம். ரெண்டும் 6. வெற்றிகளும் தலா 5. அஞ்சாவது விதியிலதான் பிரியுது: ரியலுக்கு வெளியே ரெண்டு வெற்றி, பயர்னுக்கு ஒண்ணு. உங்க சூத்திரம் அடித்த கோலோட நின்னுட்டதால ஒரே இடம் காட்டியிருக்கு.

அஞ்சு விதியையும் ஒரே எண்ணுல அடக்கிடலாம். ஒவ்வொரு டீமுக்கும் இப்படி ஒரு பத்தி:

புள்ளி × 1000000 + கோல் வித்தியாசம் × 1000 + அடித்த கோல் + வெளி கோல் ÷ 100 + வெற்றி ÷ 1000 + வெளி வெற்றி ÷ 10000

ரியலுக்கு 15008020.0652, பயர்னுக்கு 15008020.0651. கட்டத்துல நாலு தசம இடம் காட்டச் சொல்லுங்க, இல்லேன்னா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். இந்த எண்ணைப் பெரிசுல இருந்து சின்னதுக்கு அடுக்கினா வரிசை வந்துடும்.

பெருக்குற எண்ணைச் சின்னதாக்காதீங்க. புள்ளி × 100, வித்தியாசம் × 10, அதோட அடித்த கோல்னு போட்டா, 20 கோல் அடிச்ச டீமுக்கு அதுவே +2 வித்தியாசத்துக்குச் சமமாகிடும். ஒரு சீசன்ல தற்செயலா சரியா வரலாம், அடுத்ததுல தப்பா அடுக்கும்.

அஞ்சாவது விதிக்கு அப்புறம் வர்றதைச் சூத்திரமா எழுத வேண்டாம். ரெண்டு எண் அப்படியே சமமா வந்தா அந்தக் கட்டம் சிவப்பாகட்டும், அதைக் கையால பார்த்துக்கலாம்.

கீழே சரிபார்ப்பு வரி ஒண்ணு வைங்க: 36 டீமோட ஆடின எண்ணிக்கை கூட்டினா 288, கோல் வித்தியாசம் கூட்டினா 0. பூஜ்யம் வரலேன்னா ஏதோ ஒரு மேட்ச்ல டீம் பேரை வேற எழுத்துல அடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். பெரும்பாலும் தப்பு அங்கதான் இருக்கும்.

நடுக்கோடு எழுதியது:

காலிக் கட்டம்தான் காரணம், சரியாகிடுச்சு. ரியலும் பயர்னும் பிரிஞ்சாச்சு. கூட்டினா பூஜ்யம் வருது.

கடைசி நாள் 18 மேட்சும் ஒரே நேரத்துல நடக்கும்போது “இந்த டீமுக்கு என்ன வேணும்”னு ஒரு பத்தி வைக்கலாமா? 24-ஆம் இடத்துல நிக்கிற டீமோட புள்ளியை எடுத்து, அதைத் தாண்ட எத்தனை வேணும்னு கழிச்சா போதுமா?

இடதுவிங் எழுதியது:

போதாது. 24-ஆம் இடத்துப் புள்ளி நின்ன இடத்துல நிக்காது. அதோட, மேட்சுகள் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சிருக்கு.

2025 ஜனவரி 29-ஐயே எடுத்துக்கோங்க. அன்னைக்கு ஆடுறதுக்கு முன்னாடி ப்ரூஜ் 11 புள்ளி (வித்தியாசம் –2), பாரிஸ் டீமான பிஎஸ்ஜி 10 (+2), ஸ்டுட்கார்ட் 10 (–1), சிட்டி 8 (+2), டினாமோ 8. பிஎஸ்ஜி ஸ்டுட்கார்ட்டுல ஆடுது, ப்ரூஜ் சிட்டிகிட்ட ஆடுது. ப்ரூஜ் முதல்ல ஒண்ணு போட்டு கடைசியில 3–1 தோத்தது. டினாமோ மிலானை 2–1 ஜெயிச்சு 11-க்கு வந்தது. பிஎஸ்ஜி 4–1 ஜெயிச்சதால ஸ்டுட்கார்ட் 10-லயே நின்னுடுச்சு.

ஸ்டுட்கார்ட்டுல டிரா ஆகியிருந்தா? 11 புள்ளியில ஆறு டீம்: சிட்டி +4, பிஎஸ்ஜி +2, ஸ்போர்ட்டிங் +1, ஸ்டுட்கார்ட் –1, ப்ரூஜ் –4, டினாமோ –7. மேலே 20 டீம். அப்ப 24-ஆம் இடம் ஸ்டுட்கார்ட், ப்ரூஜ் 25. ப்ரூஜ் பிழைச்சதுக்கு அவங்க ஆடாத மேட்ச்தான் காரணம். இதைக் கழித்தல் கணக்கு பிடிக்காது.

நான் சொல்ற வழி இது. கடைசி 18 மேட்சுக்கும் “கணிப்பு ஸ்கோர்”னு தனியா ரெண்டு பத்தி. உண்மையான ஸ்கோர் இருந்தா அதை எடு, இல்லேன்னா கணிப்பை எடு. முதல்ல எல்லாத்துக்கும் 0–0 போட்டு வைங்க. அப்புறம் 20-லிருந்து 28-ஆம் இடம் வரை நிக்கிற டீம்களோட மேட்சை மட்டும் மாத்தி மாத்திப் பாருங்க. மத்ததைத் தொட வேண்டியதில்லை. ஒரே மேட்ச்ல ஆடுற ரெண்டு பேரும் ஜெயிக்கிற மாதிரி கணக்கு வரவே வராது, தனித்தனியா புள்ளி கூட்டினா அந்தத் தப்பு வரும்.

மேல்கோட்டுக்கும் இதே. அந்த வருஷம் 15 புள்ளி, +14 வச்சிருந்த அடலாண்டா ஒன்பதாவது. எட்டாவது இடம் 16 புள்ளியோட ஆஸ்டன் வில்லா. லில்லும் வில்லாவும் 16, ரெண்டும் +7. லில் 17 கோல், வில்லா 13, அதனால லில் ஏழாவது. அடலாண்டா பிளேஆஃபுக்குப் போய் ப்ரூஜ்கிட்டயே தோத்தது.

கார்னர்கொடி எழுதியது:

யாரோட மோதணும்ங்கிறது பாக்கி இருக்கு. இடங்கள் ஜோடி ஜோடியா போகும். பிளேஆஃப்ல 9, 10 டீம்களுக்கு 23, 24. 11, 12-க்கு 21, 22. 13, 14-க்கு 19, 20. 15, 16-க்கு 17, 18. ஜோடிக்குள்ள யாருக்கு யாருன்னு குலுக்கல் சொல்லும். ரவுண்ட் 16-ல 1, 2 டீம்களுக்கு 15–18 பக்கம் ஜெயிச்சவங்க, 3, 4-க்கு 13, 14, 19, 20 பக்கம், 5, 6-க்கு 11, 12, 21, 22 பக்கம், 7, 8-க்கு 9, 10, 23, 24 பக்கம். ரவுண்ட் 16 குலுக்கலோட இறுதிப் போட்டி வரைக்கும் பாதை முடிவாகிடும். 1-உம் 2-உம் வேற வேற பாதியில இருப்பாங்க.

பட்டியல்ல “சொந்த நாட்டு டீம் வராது”ன்னு தடை போட்டுடாதீங்க. அது லீக் சுற்றோட முடிஞ்சது. அந்த சீசன்லயே பிஎஸ்ஜி–ப்ரெஸ்ட், ரியல்–அட்லெடிகோ, பயர்ன்–லெவர்குசன் எல்லாம் மோதினாங்க. 25-லிருந்து 36 வரைக்கும் அடுத்த நிலைப் போட்டியான யூரோபா லீக்னு எழுதுறதும் தப்பு, அந்த வழியை மூடியாச்சு. அவங்களுக்கு அந்த சீசன் ஐரோப்பா அதோட சரி.

முதல் இடம்னா சுலபமான எதிரின்னு ஒரு குறிப்பு வைக்கவும் வேண்டாம். லிவர்பூல் 21 புள்ளியோட முதல் இடம். அவங்களுக்கு வந்தது 15-ஆம் இடத்துல இருந்து ஏறி வந்த பிஎஸ்ஜி. ரெண்டு லெக்கும் (ஆளுக்கொரு மைதானத்துல ஒரு மேட்ச்) சேர்த்து 1–1, பெனால்டியில பிஎஸ்ஜி 4–1. அதே பிஎஸ்ஜிதான் மே 31-ல மியூனிக்ல இன்டரை 5–0 அடிச்சு கோப்பை எடுத்தது, மொத்தம் 17 மேட்ச் ஆடி. முதல் எட்டுக்குள்ள முடிக்கிறதோட உறுதியான லாபம் ரெண்டு: பிப்ரவரியில ரெண்டு மேட்ச் மிச்சம், ரவுண்ட் 16 ரெண்டாவது லெக் சொந்த மைதானத்துல.

இடதுவிங் எழுதியது:

அதுல ஒண்ணு சேர்க்கணும். 2024–25-ல காலிறுதி, அரையிறுதியில ரெண்டாவது லெக் யார் மைதானம்னு குலுக்கல்ல முடிவு பண்ணாங்க. 2025–26-லிருந்து அங்கேயும் லீக் சுற்றுல மேல முடிச்சவங்களோட மைதானத்துலதான் ரெண்டாவது லெக். மேல இருக்கிற டீமை ஒருத்தர் வீழ்த்தினா, தோத்தவங்களோட அந்த இடமும் ஜெயிச்சவங்களுக்குப் போயிடும். அதனால “தரவரிசை”ன்னு ஒரு பத்தி தனியா வச்சு, ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் ஜெயிச்ச டீமுக்கு ரெண்டு எண்ல சின்னதை எழுதுங்க. பழைய சீசன் ஸ்கோரை வச்சு இந்தப் பகுதியைச் சோதிச்சா மைதானம் மாறி வரும், அதைச் சூத்திரப் பிழைன்னு நினைச்சுத் திருத்திடாதீங்க.