மஸ்கி மீனுக்கு எந்தத் தூண்டில் ரீல்? 300 அளவா, 400 அளவா?

ஏரிக்கரை:
வணக்கம். மினசோட்டாவில் இருக்கிறேன். இதுவரை பாஸ், வாலாய் மீன்கள் மட்டும்தான் பிடித்துப் பழக்கம். ஜூலையில் வெர்மிலியன் ஏரிக்கு மஸ்கி என்கிற பெரிய வேட்டை மீனைப் பிடிக்கப் போகிறோம், படகு நண்பருடையது. ஒன்பதடி ராட் வாங்கியாச்சு, 80 பவுண்டு பிரெய்டும் (பின்னல் நரம்பு) இருக்கிறது. ரீலில்தான் குழப்பம். ஷிமானோ ட்ராங்க்ஸ் 400-இலேயே 5.8:1, 7.6:1 என்று இரண்டு பல்சக்கர விகிதம் வருகிறது. எது நல்லது? 300 போதாதா? நான் வலதுகைக்காரன், கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? பெரும்பாலும் டபுள் டென் பக்டெயில் என்கிற, சுழல்தகடு வைத்த செயற்கை இரையைத்தான் வீசுவோம் என்கிறார் நண்பர்.

பழைய தூண்டில்:
தம்பி, அந்தக் கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. பத்தாம் நம்பர் தகடு இரண்டு சேர்ந்து தண்ணீருக்குள் சுழலும்போது இழுக்கிற இழுப்புக்குச் சின்ன ரீலின் பல்சக்கரம் நாளெல்லாம் ஈடுகொடுக்காது. 400 எடு. ஒரு கம்பெனியின் 300-உம் இன்னொரு கம்பெனியின் 300-உம் ஒரே அளவு இல்லை, அதனால் கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்.

விகிதத்தை மட்டும் பார்க்காதே. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலத் தூண்டில் நரம்பு உள்ளே வருகிறது, அதுதான் கணக்கு. நரம்பு சுற்றி நிறைந்த ஸ்பூலின் (ரீலுக்குள் இருக்கிற உருளை) குறுக்களவு 1.6 அங்குலம் என்று வைத்துக்கொள். சுற்றளவு சுமார் 5 அங்குலம். 5.8 விகிதத்தில் ஸ்பூல் 5.8 முறை சுழலும், 29 அங்குலம் வரும், 7.6-இல் 38. தூரமாக வீசிவிட்டால் ஸ்பூல் மெலிந்துவிடும், அப்போது இன்னும் குறையும். 7.6-இல் டபுள் டென்னைச் சுற்றுவது மேட்டில் பெரிய கியரில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி. காலையில் தெரியாது, மதியம் மூன்று மணிக்குத் தோள்பட்டை சொல்லும். வேகமான ரீல் ஜெர்க்பெய்ட்டுக்கும் (வெட்டி வெட்டி இழுக்கிற இரை) ரப்பர் இரைக்கும் நல்லது, தொய்வைச் சட்டென்று சுருட்டலாம். உனக்கு 5.8.

கைப்பிடி இடது பக்கம். இரை தண்ணீரைத் தொட்டவுடன் தகடு சுழல வேண்டும், வலதுகையால் வீசிவிட்டு ராடைக் கை மாற்ற நேரமில்லை. அப்புறம், மஸ்கி பல நேரம் படகு வரைக்கும் இரையின் பின்னாலேயே வரும், வழியில் கடிக்காது. லீடர் (இரைக்கு முன்னால் கட்டுகிற தடித்த துண்டு) ராட் நுனியை நெருங்கியதும் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, கடிக்க வைக்க இரையை எட்டு வடிவில் இழுக்க வேண்டும். அதற்கு வலதுகைதான் லாயக்கு.

பாறைமீன்:
இடது கைப்பிடியை நான் ஏற்கமாட்டேன். வலதுகையால் சுற்றியே பழகினவருக்கு டபுள் டென்னை இடதுகையால் நாள் முழுக்கச் சுற்றுவது தண்டனை. இன்னொன்று, எல்லோரும் புதுசையே சொல்கிறீர்கள். ஸ்வீடனில் செய்த பழைய அம்பாஸடர் 6500 ரீல் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். 5.3:1, உருண்டை உடம்பு, கழற்றித் துடைக்கச் சுலபம். சுயிக் போன்ற ஜெர்க்பெய்ட்டுக்கு எனக்கு அது போதும்.

ஏரிக்கரை:
நன்றி. டைவா லெக்சா 400 ரீலில் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற பிடிப்பு) 25 பவுண்டு என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்து வாங்கலாமா?

பழைய தூண்டில்:
பாறைமீன் சொல்வதும் சரிதான், கடையிலேயே இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிடு. ஆனால் 6500-இல் டபுள் டென் வேண்டாம், பாவம் அந்த ரீல்.

டிராக் எண்ணுக்காகக் காசு கொடுக்காதே. மஸ்கி பல நேரம் படகு ஓரத்தில்தான் கடிக்கும், வெளியே இருப்பது சில அடி நரம்பு. தூண்டில் முள் அதன் எலும்பான வாயில் ஏற வேண்டும் என்பதால் டிராக் இறுக்கமாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மொத்தச் சுருளும் அப்படியே வழுக்கும். டிராக் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவாய். அடியில் கொஞ்சம் மோனோ (ஒற்றை இழை) நரம்பு சுற்றி, அதன்மேல் பிரெய்டு.

ரீலில் மிச்சம் பிடிக்கிற காசில் பெரிய வலை, நீள மூக்குக் குறடு, முள்ளை வெட்டுகிற கட்டர் வாங்கு. மினசோட்டாவில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது, ஆக நீ பிடிக்கிறதெல்லாம் பெரும்பாலும் திரும்பத் தண்ணீருக்குத்தான். ஜூலை என்கிறாய், தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கியை விட்டுவிட்டு வாலாய்க்குப் போங்கள். அந்தச் சூட்டில் போராடின மீன் விட்ட பிறகும் செத்துப்போகும்.