முதல் அண்டர்வாட்டர் கேமரா: எது வாங்கலாம்? வாடகைக் கேமராவில் படமெல்லாம் நீலம், வெள்ளைப் புள்ளி

காரைக்குடிப் பையன்:
வணக்கம். தை மாதம் அந்தமானில் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலைப் பயிற்சி) முடித்தேன். மொத்தம் ஆறு டைவ். கடைசி இரண்டில் ஒரு சின்ன கேமராவை வாடகைக்கு எடுத்துப் போனேன். 40 படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தவை ஒரே நீலப்பச்சை, ஃபிளாஷ் போட்டவற்றில் மீனைச் சுற்றி ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அப்பத்தா பார்த்துவிட்டு "இதுல மீனு எங்கடா இருக்கு?" என்று கேட்டதுதான் மிச்சம்.

சித்தப்பா பங்குனியில் சிங்கப்பூரிலிருந்து வருகிறார், அவரிடம் வாங்கிவரச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 பார்த்தேன். 15 மீட்டர் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது. நான் இறங்கும் ஆழம் 18 வரைதான். மூன்று மீட்டர்தானே, தாங்காதா? இல்லை கோப்ரோ என்கிற சின்ன வீடியோ கேமராவா? போனுக்கு வாட்டர்ப்ரூஃப் பை போதும் என்கிறான் நண்பன்.

பள்ளத்தூரான்:
தாங்கும் என்று நம்பி இறங்காதீர்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, 18 மீட்டரில் கரையில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. டிஜி-7க்கு பிடி-059 என்ற ஹவுசிங், அதாவது கேமராவை உள்ளே வைத்து மூடும் தண்ணீர் புகாத கூடு, தனியாக உண்டு. 45 மீட்டர் வரை தாங்கும். அதே ஹவுசிங் பழைய டிஜி-6க்கும் பொருந்தும் என்பதால் நல்ல நிலையில் செகண்ட்ஹேண்ட் டிஜி-6 கிடைத்தாலும் தயங்க வேண்டாம். ஹவுசிங்கில் தண்ணீர் கசிந்தால்கூட 15 மீட்டருக்குள் கேமரா தன் மூடியாலேயே பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைச் சொல்வேன்.

கோப்ரோ வெறும் உடம்போடு 10 மீட்டர், ஹவுசிங்கோடு 60. போன் பையை நீச்சல் குளத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் பிளாஸ்டிக் திரையோடு ஒட்டிக்கொள்ளும், தொட்டால் ஒன்றும் நகராது.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, கேமராவை அப்புறம் பார்க்கலாம். அந்த மீன் உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது?

காரைக்குடிப் பையன்:
மூன்று மீட்டர் இருக்கும் ஆச்சி. கிட்டப் போனால் பவளத்தில் மோதிவிடுவேனோ என்று பயம்.

தேவகோட்டை ஆச்சி:
அதுதான் விஷயம். எந்தக் கேமரா வாங்கினாலும் அந்தத் தூரத்தில் இதே படம்தான் வரும்.

தண்ணீர் முதலில் சிவப்பைத் தின்றுவிடும். ஐந்து மீட்டர் தாண்டினாலே பெரும்பாலும் போச்சு, அடுத்து ஆரஞ்சு. ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பை 15 மீட்டரில் வைத்தால் அழுக்குப் பழுப்பாகத்தான் தெரியும். ஃபிளாஷ் அதைத் திருப்பித் தரும், ஆனால் வெளிச்சம் போகவும் வேண்டும் வரவும் வேண்டும். மூன்று மீட்டரில் நிற்கும் மீனுக்கு அது ஆறு மீட்டர் தண்ணீர், அதற்குள் மறுபடி நீலம்.

புள்ளிகள் வேறு கதை. முற்றத்தில் காலை வெயில் சாய்ந்து விழும்போது அதுவரை கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் மின்னுமே, அதேதான். கடலில் துகள் எப்போதும் மிதக்கிறது. லென்ஸை ஒட்டி இருக்கும் ஃபிளாஷ் அதில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. அதனால்தான் தனி ஃபிளாஷைக் கைநீளத்துக்குத் தள்ளி, பக்கவாட்டில் மாட்டுகிறார்கள். அதை இப்போதே வாங்க வேண்டாம். ஒரு முழத்துக்குள் நெருங்கி எடுங்கள், இடையில் தண்ணீர் குறைந்தால் துகளும் குறையும். டிஜி-7 லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். கடல் நத்தை, இறால், சின்னச் சின்ன உயிர்களுக்கு அதுவே போதும்.

நெருங்க வேண்டுமானால் மிதப்பு, அதாவது ஏறாமல் இறங்காமல் ஒரே ஆழத்தில் நிற்பது, கைக்கு வர வேண்டும். இன்னும் பத்துப் பதினைந்து டைவ் வெறுங்கையோடு போங்கள். படம் ஆடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது நுரையீரலுக்கு ஆபத்து, மேலே மிதக்கவும் தொடங்கிவிடுவீர்கள்.

கண்டனூர் மாப்பிள்ளை:
பத்துப் பதினைந்தா? ஆச்சி சொன்னால் அவர் அடுத்த பொங்கலுக்குத்தான் கேமராவைத் தொடுவார்! நான் கோப்ரோவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வீடியோவாக எடுக்கிறேன், வீட்டில் பெரிய டிவியில் போட்டால் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

தேவகோட்டை ஆச்சி:
வீடியோதான் ஆசை என்றால் மாப்பிள்ளை சொல்வது சரி. ஆனால் கோப்ரோ ஒரு அடிக்குள் ஃபோகஸ் ஆகாது, சின்ன உயிர்களை மறந்துவிட வேண்டியதுதான். தம்பி, அந்த 40 படத்தில் எதை எடுக்கத்தான் அதிகம் நின்றீர்கள்?

காரைக்குடிப் பையன்:
கோமாளி மீன். அப்புறம் ஒரு பாறை இடுக்கில் இறால்.

பள்ளத்தூரான்:
அப்படியென்றால் டிஜிதான். ஹவுசிங்கை மறக்காமல் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். ஓ-ரிங்குக்கு (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஹவுசிங்கோடு வரும் கிரீஸை மட்டும் பளபளக்கும் அளவுக்குத் தடவுங்கள், தேங்காய் எண்ணெயெல்லாம் வேண்டாம். படகில் ஈரக் காற்றில் மூடினால் உள்ளே கண்ணாடி வியர்த்துவிடும். முந்தின இரவே ஏசி அறையில் மூடி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பட்டன் ஒவ்வொன்றையும் அமுக்கிவிடுங்கள். முதல் முறை கேமரா இல்லாமல், டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து முக்கிப் பாருங்கள்.

காரைக்குடிப் பையன்:
சித்தப்பா டிஜி-7ம் ஹவுசிங்கும் கொண்டுவந்துவிட்டார். பள்ளத்தூரான் அண்ணன் சொன்னபடி ஹவுசிங்கில் டிஷ்யூவை மட்டும் வைத்து, வளவில் இருக்கும் பித்தளை அண்டாவில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஓரம் நனைந்திருந்தது! பகீரென்றது. ஓ-ரிங்கைக் கழற்றி வெயிலில் காட்டினால் ஒரு நரைமுடி. அப்பத்தாவுடையதுதான், காலையில் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அவர்தான். துடைத்துக் கிரீஸ் போட்டு மறுபடி முக்கினேன், இரண்டு தடவையும் டிஷ்யூ காய்ந்தே இருந்தது.

ஆச்சி, புதுச்சேரியில் நான்கு டைவ் புக் செய்திருக்கிறேன். கேமரா வீட்டிலேயே இருக்கும்.