மறு: கிளீன் வோக்கல்ஸ், ஹார்ஷ் வோக்கல்ஸ் – தமிழில் என்ன?

> கிளீன் வோக்கல்ஸ் = தூய குரல், ஹார்ஷ் வோக்கல்ஸ் = அலறல். எல்லோருக்கும் புரியும். இத்தோடு இழையை முடித்துவிடலாமே?

முடிக்க வேண்டாம். கிளீன் வோக்கல்ஸ் என்பது மெட்டில் சுரம் பிடித்துப் பாடுவது, ஹார்ஷ் வோக்கல்ஸ் என்பது கரடுமுரடாக உறுமிப் பாடுவது. தூய குரல் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்த உடனே மற்றது அழுக்குக் குரல் ஆகிவிடுகிறது. அலறல் இன்னும் மோசம். பேயைக் கண்டவர் அலறுவார், அடிபட்டவர் அலறுவார்; மெட்டல்கோர் (ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை) பாடகர் செய்வது அதுவல்ல. மூச்சை அடிவயிற்றிலிருந்து பிடித்து, குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கிற பொய்க் குரல்நாண்களை அதிரவிட்டோ, குரல்நாண்களையே இறுக்கிக் கரகரக்க வைத்தோ கிளப்புகிற ஒலி அது. நன்றாகப் பழகியவர் செய்யும்போது பக்கத்தில் நின்று கேட்டால் நாம் நினைக்கிற அளவு சத்தம்கூட இருக்காது, மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும். அலறல் என்று போட்டால் தொண்டை கிழியக் கத்துவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கில்ஸ்விட்ச் எங்கேஜ் என்ற அமெரிக்க மெட்டல்கோர் குழுவைப் பற்றிய கட்டுரைக்காகத்தானே இந்தச் சொற்களைத் தேடுகிறோம், அதனால் அந்தக் குழுவின் வரலாற்றில் வைத்தே பார்த்துவிடலாம். ஓவர்காஸ்ட், ஆஃப்டர்ஷாக் என்று இரண்டு குழுக்கள் கலைந்த பிறகு 1999-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் தொடங்கியது. பேஸ் கிட்டார் மைக் டி'அன்டோனியோ, கிட்டார் ஜோயல் ஸ்ட்ரோட்செல், டிரம்ஸ் ஆடம் டட்கீவிச் (ஆம், இப்போது கிட்டாரோடு மேடையில் கூத்தடிக்கிற அதே ஆடம்தான்), பாட ஜெஸ்ஸி லீச். 2000-இல் முதல் பாடல் தொகுப்பு ஃபெரெட் என்ற சிறிய நிறுவனத்தில். அப்புறம் ரோட்ரன்னர் என்ற இசை நிறுவனத்துக்குப் போய் 2002-இல் 'அலைவ் ஆர் ஜஸ்ட் ப்ரீதிங்'. பாட்டின் பத்திகளில் கரடுமுரடாக உறுமிவிட்டு, கோரஸ் வந்ததும் ஊரே சேர்ந்து பாடுகிற மாதிரி ஒரு மெட்டில் திறந்துகொள்கிற அந்த அமைப்பை அடுத்த பத்தாண்டுகளில் எத்தனை குழுக்கள் எடுத்துக்கொண்டன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தொகுப்பு வந்த ஆண்டிலேயே லீச் மின்னஞ்சலில் சொல்லிவிட்டு விலகிவிட்டார். மனச்சோர்வு ஒரு பக்கம், தொடர் பயணத்தில் தொண்டை படுத்திய பாடு இன்னொரு பக்கம். அவர் இடத்துக்கு ப்ளட் ஹேஸ் பீன் ஷெட் குழுவிலிருந்து ஹவர்ட் ஜோன்ஸ் வந்தார், அதே குழுவின் ஜஸ்டின் ஃபோலியும் அடுத்து டிரம்ஸுக்கு வந்து சேர்ந்தார். 2004-இல் 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்ஏக்'. தலைப்புப் பாடல் கிராமி பரிந்துரை வரை போனது, தொகுப்பு 2007-இல் அமெரிக்காவில் தங்கச் சான்று பெற்றது, அதாவது 5 லட்சம் படிகள். என்னைக் கேட்டால் அந்தப் பாடலின் உயிரே ஜோன்ஸ் கோரஸை இழுத்துப் பாடுகிற விதம்தான். இதற்குப் பெயர் வெறும் 'தூய குரல்' என்றால் தண்ணீர்ப் புட்டி விளம்பரம் மாதிரி இல்லையா?

> பாடகர், உறுமுநர் என்று ஆளுக்குப் பெயர் வைத்தால் போதும், குரலுக்குத் தனிச்சொல் தேவையில்லை.

அண்டர்ஓத் மாதிரி குழுவுக்கு இது சரி. அங்கே ஸ்பென்சர் சேம்பர்லைன் உறுமுவார், டிரம்ஸ் வாசிக்கிற ஏரன் கில்லெஸ்பி மெட்டில் பாடுவார், வேலை பிரிந்து கிடக்கிறது. கில்ஸ்விட்சில் ஒரே தொண்டைதான் இரண்டையும் செய்கிறது. லீச்சும் அப்படி, ஜோன்ஸும் அப்படி. 2012-இல் ஜோன்ஸ் விலகினார், சர்க்கரை நோயைக் காரணமாகச் சொன்னார்கள். அதே ஆண்டு லீச் திரும்பி வந்தார். வந்தவர் தன் பழைய பாட்டை மட்டும் பாடினால் போதாது, ஜோன்ஸ் காலத்துப் பாடல்களையும் மேடையில் பாட வேண்டும். 2018-இல் லீச்சுக்குக் குரல்நாண் அறுவை சிகிச்சை, அதைத் தாண்டி 2019-இல் 'அடோன்மென்ட்'. அதில் 'தி சிக்னல் ஃபயர்' பாடலில் லீச்சோடு ஜோன்ஸே வந்து பாடுகிறார். இந்த ஒரு பாடலைப் பற்றி 'பாடகர், உறுமுநர்' வைத்து ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம், யார் பாடகர், யார் உறுமுநர்?

அதனால் குரலுக்குத்தான் பெயர் வேண்டும். என் முன்மொழிவு: கிளீன் வோக்கல்ஸ் என்பதற்கு மெட்டுக்குரல், ஹார்ஷ் வோக்கல்ஸ் என்பதற்குக் கரட்டுக்குரல். மெட்டு இருக்கிறதா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் காதில் விழுகிற வித்தியாசம். கரட்டுக்குரல் ஏற்கெனவே பேச்சில் இருக்கிற சொல், திட்டுகிற தொனியும் அதில் அவ்வளவாக இல்லை. அலறலையும் உறுமலையும் தூக்கி எறிய வேண்டாம், கரட்டுக்குரலின் வகைகளாக உள்ளே வைத்துக்கொள்ளலாம், உச்சத்தில் போவது அலறல், அடியில் போவது உறுமல். 'லீச் பத்திகளைக் கரட்டுக்குரலிலும் கோரஸை மெட்டுக்குரலிலும் பாடுகிறார்' என்று எழுதிப் பார்த்தேன், தடுக்கவில்லை.

'உறுமலும் ஒரு தாளத்தில்தானே போகிறது, அதற்கு மெட்டு இல்லையா' என்று யாராவது கேட்கலாம். தாளம் உண்டு, சுரம் பிடித்துப் போவதில்லை. நம் காதுக்கு மெட்டு என்றால் முணுமுணுக்க வருவது. உறுமலை யாரும் குளியலறையில் முணுமுணுப்பதில்லை (ஒன்றிரண்டு பேர் இந்தக் குழுமத்தில் இருக்கலாம், அவர்கள் மன்னிக்க).

மெட்டல்கோரை அப்படியே விட்டுவிடலாம், அது பெயர்ச்சொல் மாதிரி ஆகிவிட்டது. 2025-இல் வந்த 'திஸ் கான்சிக்வன்ஸ்' வரை கட்டுரை எழுதி முடித்தாயிற்று, இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் நிற்கிறது. வார இறுதிக்குள் யாரும் மறுக்காவிட்டால் போட்டுவிடுகிறேன். பிரேக்டவுனுக்கு (பாட்டின் நடுவே தாளம் மெதுவாகிக் கனக்கிற பகுதி) வேறு இழை தொடங்குங்கள், அதை இங்கே கொண்டுவந்தால் இதுவும் முடியாது.