வயலின் செலோ டூயட்ல ஒற்றுமைன்னா ரெண்டு பேரும் ஒரே மெட்டை வாசிக்கணுமா?

நாணொலி:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க இசையமைப்பாளர் ஜெஸ்ஸி மான்ட்கோமரி 2015ல வயலினுக்கும் செலோவுக்கும் (வயலின் குடும்பத்துல பெரிய, கீழ்க்குரல் கருவி) எழுதின டூயோவை, அதாவது ரெண்டு பேர் வாசிக்கிற பீஸை, கொஞ்ச நாளா திரும்பத் திரும்ப கேட்டுட்டிருக்கேன். செலோ வாசிக்கிற தன் தோழிக்காக எழுதினது, நட்பைக் கொண்டாடுற பீஸ்னு அவங்களே குறிப்பு எழுதியிருக்காங்க. மூணு பகுதி, முதல்ல குறும்பு, நடுவுல ஒரு இரங்கல் மாதிரி, கடைசில படுவேகம். ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா ஒரு சந்தேகம். நட்பு, ஒற்றுமைன்னு சொல்லிட்டு ரெண்டு கருவியும் பாதி நேரம் வேற வேற வேலை பாக்குதே? சேர்ந்து ஒரே மெட்டை வாசிச்சாத்தானே ஒற்றுமை? செலோ வாசிக்கிற ஃப்ரெண்டோட சேர்ந்து நானும் ஒரு டூயட் பழகலாம்னு இருக்கேன், எதை கவனிக்கணும்னு சொன்னா உதவியா இருக்கும்.

கீழ்ஸ்தாயி:
ஒரே மெட்டை ஒரே ஸ்தாயில வாசிக்கிறது சுலபம்னு தோணும், டூயட்ல அதுதாங்க கஷ்டமே. ஒருத்தர் ஏ ஸ்வரத்தை செகண்டுக்கு 440 அதிர்வுல பிடிச்சு இன்னொருத்தர் 442ல பிடிச்சா செகண்டுக்கு ரெண்டு தடவை சத்தம் ஏறி இறங்கி அலையடிக்கும், வைப்ரேட்டோ (விரலை ஆட்டி ஸ்வரத்தை அசைக்கிறது) போட்டா அது கொஞ்சம் மறையும், எடுத்துட்டு நேரா இழுத்தா அப்படியே வெளிய வந்துடும். அதுவுமில்லாம வயலினோட அடிக் கம்பி ஜி, செலோவோட உச்சிக் கம்பி ஏ, ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழு ஸ்வரம் தான் வித்தியாசம். அதனால ஒரே ஸ்வரத்துல சந்திக்கணும்னா வயலின் தன் தடிச்ச கம்பிக்கு இறங்கி வரணும், செலோ தன் மெல்லிசான கம்பில மேல ஏறிப் போகணும். ஸ்வரம் ஒண்ணு, குரல் ரெண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி நினைவா ராவெல் 1920–22ல வயலின் செலோவுக்கு எழுதின சொனாட்டாவ கேளுங்க, செலோ மேல ஏறி வயலினையே தாண்டும், எது யாருன்னு சில இடத்துல குழம்பிடும், எனக்கு மயிர்க்கூச்செறியுற இடம் அது.

மழைக்கால ரசிகை:
ஒற்றுமைன்னு பேசினா ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக்கை விடவே முடியாது. 1931 ஜனவரில ஒரு கடிதத்துல, போர், சண்டை எல்லாத்தையும் மீறி மக்களுக்குள்ள சகோதரத்துவம் இருக்கணும், அதுதான் தன்னோட அடிப்படை எண்ணம், தன்னால முடிஞ்ச அளவு இசைல அதுக்காக உழைக்கிறேன்னு எழுதியிருக்கார். அதே வருஷம் முடிச்ச 44 வயலின் டூயட்ல ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக் பாட்டு மட்டுமில்ல அரபு மெட்டு கூட வரும், இத்தனைக்கும் வயலின் கத்துக்கிறவங்களுக்காக எழுதினது! சில டூயட்ல ரெண்டு வயலினுக்கும் கீ சிக்னேச்சரே (எந்த ஸ்கேல்னு ஆரம்பத்துல காட்டுற குறி) வேற வேற. ஆளாளுக்கு அவங்கவங்க ஸ்கேல்ல நிக்குறாங்க, பாட்டு உடையல. உங்க கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியல நாணொலி, ரெண்டு பேரும் ஒண்ணா மாறணும்னு அவசியமே இல்ல.

நாணொலி:
ரொம்ப நன்றி அக்கா, இந்த கோணத்துல நான் யோசிச்சதே இல்ல. கீழ்ஸ்தாயி, ஒரு விஷயம் கேக்கணும். தனித்தனியா ட்யூன் பண்ணா ரெண்டும் சுத்தமா இருக்கு, சேர்ந்து வாசிக்கும்போது சில கார்டு (ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) மட்டும் கரகரன்னு இருக்கு, யார் மாத்திக்கணும்?

கீழ்ஸ்தாயி:
ரெண்டு பேருமே. செலோவோட சி-ல ஆரம்பிச்சு ஜி, டி, ஏ, அப்புறம் வயலினோட ஈ வரைக்கும் நாலு ஃபிஃப்த் (ச-ப மாதிரி இடைவெளி). ஒவ்வொண்ணும் துளி அலை இல்லாம சுத்தமா வச்சீங்கன்னா கடைசில சி-க்கும் ஈ-க்கும் நடுவுல இருக்குற தேர்ட் (ச-க மாதிரி இடைவெளி) சுத்தமான தேர்டை விட அகலமாயிடும், சுமாரா 22 சென்ட், அதாவது அரை ஸ்வரத்துல அஞ்சுல ஒரு பங்கு, காதுக்கு அது ரொம்ப பெருசு. தம்புரா மாதிரி பின்னாடி பிடிச்சு நிக்க ஒண்ணும் இல்லாததால பழகினவங்க ஏ-வை மட்டும் பொதுவா வச்சுக்கிட்டு மத்த ஃபிஃப்த் எல்லாத்தையும் மயிரிழை சுருக்குவாங்க, செலோ சி கொஞ்சம் மேல வரும், வயலின் ஈ கொஞ்சம் கீழ வரும். உங்க ஃப்ரெண்ட் வெறும் சி-யை நீளமா இழுக்கட்டும், நீங்க அதுமேல ஈ-யை வச்சு அலை அடங்குற வரைக்கும் ட்யூன் பண்ணுங்க. நாலு கம்பியும் சரியானப்புறம் பீஸை எடுங்க, முதல் தடவை மெதுவா, வைப்ரேட்டோ இல்லாம.