கிணற்று நீச்சல் தெரிந்தால் கயாக்குக்குப் போதுமா?

பாலக்கோட்டுப் பையன்:

வணக்கம். ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூரில். கூட வேலை செய்யும் நாலு பேரோடு ஆடி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிக்குப் போய்க் கயாக் என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொள்வதாகத் திட்டம். சாலிப்புழை, இருவஞ்சிப்புழை என்று மலையிலிருந்து பாறைக்கு நடுவே பாய்ந்து வரும் ஆறுகள். மழைக்காலத்தில்தான் படகு ஓட்டும் அளவுக்குத் தண்ணீர் இருக்குமாம்.

எனக்குப் பத்து வயதில் மாமா தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுவை கட்டி நீச்சல் பழக்கினார்கள். இன்றைக்கும் மேட்டிலிருந்து குதிப்பேன். ஆனால் ஓடும் தண்ணீரில் இறங்கி நீந்தியதே இல்லை. ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்து போனதோடு சரி. கயாக் கவிழ்ந்தால் இடுப்பு படகுக்குள் மாட்டித் தலைகீழாகத் தொங்க வேண்டும் என்று நண்பன் ஒரு வீடியோ காட்டினான். அதிலிருந்து ராத்திரி அதே நினைப்புதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை அக்கா:

தம்பி, போன வருடம் நாங்கள் ஐந்து பேர் இதே கோடஞ்சேரிக்குத்தான் போனோம். முதலில் அந்தத் தலைகீழ் பயத்தைப் பேசிவிடலாம்.

தண்ணீர் உள்ளே போகாமல் படகின் வாயை மூட இடுப்பில் ஒரு ரப்பர் துணி மாட்டுவார்கள். ஸ்ப்ரே ஸ்கர்ட் என்று பெயர். அதன் முன்பக்கம் ஒரு வளையம் தொங்கும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அது வெளியே கிடக்கிறதா என்று கையால் தொட்டுப் பார். கவிழ்ந்தால் நன்றாக முன்னால் குனி, கையை நீட்டிப் படகின் அடிப்பக்கத்தை மூன்று தட்டு தட்டு, வளையத்தை முன்னோக்கி இழு. துணி கழன்றதும் படகின் இரண்டு விளிம்பையும் தள்ளி வெளியே வா. முதல் நாள் காலையில் தேங்கிய தண்ணீரில் எங்களுக்கு இது மட்டும்தான் பாடம். முதல் தடவை நான் உள்ளே ரொம்ப நேரம் இருந்ததாகவே நினைத்தேன். கரையிலிருந்த தோழி எண்ணியது நாலு விநாடி! ஆறாவது தடவையில் கண்ணைத் திறந்து பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு நிதானமாக வெளியே வந்தேன். கிணற்றில் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும். தண்ணீருக்கடியில் மூச்சடக்குவது நமக்குப் புதிதில்லையே.

ஆனால் கிணற்றுப் பழக்கம் ஒன்றை மட்டும் அங்கே விட்டுவிட வேண்டும். கிணற்றில் காலுக்குப் படி தட்டுப்பட்டால் உடனே நிற்போம். ஓடும் ஆற்றில் நிற்கவே கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, தொடையளவுத் தண்ணீர்தானே என்று எழுந்து நின்றாள். பாதம் இரண்டு பாறைக்கு இடையில் இறங்கிவிட்டது. ஓட்டம் முதுகில் தள்ள, முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. பயிற்சியாளர் பாய்ந்து வந்து பின்னாலிருந்து தூக்கிப் பிடித்து, காலை மேல்நோக்கி உருவி எடுத்தார். அவள் இருமிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. படகு போனால் போகட்டும். மல்லாந்து படு, கால் இரண்டும் நீர் போகும் திசையில், பாதம் மேலே தெரியட்டும். ஓட்டம் தணிந்த இடம் வந்ததும் குப்புறத் திரும்பிக் கரைக்கு நீந்து.

அப்புறம், படகு பக்கவாட்டில் பாறையில் மோதினால் உடம்பு தானாக விலகிச் சாயும். அப்படிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் விளிம்பில் ஏறிக் கவிழ்த்துவிடும். பாறையைக் கட்டிப்பிடிக்கப் போவதுபோல அதன் பக்கமே சாய்.

பயமுறுத்தத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். எடி என்பார்கள். அதற்குள் படகைத் திருப்பி நுழைத்துவிட்டால், இரண்டு பக்கமும் ஆறு இரைந்து ஓட, நாம் மட்டும் நடு ஆற்றில் அசையாமல் இருப்போம். ஞாயிறு மதியம் அப்படி முதல்முறை நின்றபோது நான் அழுதுவிட்டேன். அதற்காகவே இந்த வருடமும் போகிறேன்.

எவ்வளவு கடினம் என்று பார்த்து ஆற்றை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள், 1 லேசானது. உங்களுக்கு 1, 2 போதும். ராத்திரி மழை கொட்டினால் அதே இடம் மறுநாள் 3 ஆகிவிடும், காலையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். மைசூர் வழியாகப் போனால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நாங்கள் வெள்ளி மதியமே கிளம்பினோம்.

பென்னாகரம்:

அப்பா ஒகேனக்கல்லில் முப்பது வருடம் பரிசல் ஓட்டியவர். அவர் சொல்வது: இரைகிற தண்ணீரை எல்லோரும் பார்ப்பார்கள், சத்தமில்லாமல் வழுக்கி இறங்குகிற தண்ணீரைப் பார். விழுந்த மரம் கிடக்கும் பக்கம் போகவே போகாதே. கிளைக்குள் தண்ணீர் நுழைந்து போகும், ஆள் மாட்டிக்கொள்வான்.

கற்றுக்கொண்டு வந்த சூட்டில் நம் ஊர்த் தடுப்பணைகளில் இறங்கிப் பார்க்க வேண்டாம். அணைக்குக் கீழே தண்ணீர் உருண்டு திரும்பி வந்து ஆளை அங்கேயே சுற்றவைக்கும், நீச்சல் உதவாது. காவிரியிலும் இறங்க வேண்டாம். வயநாட்டு மலையின் மேற்கே பெய்தால் உங்கள் ஆறு, கிழக்கே பெய்தால் கபினி வழியாக எங்கள் ஒகேனக்கல். இங்கே மேகமே இருக்காது, நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் கனஅடி ஏறிக்கொண்டிருக்கும். முதலையும் உண்டு.

பாலக்கோட்டுப் பையன்:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. இரண்டு பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். பாதம் மாட்டிய இடத்தில் நிறுத்தச் சொன்னார், அப்புறம் அவரே முழுக்கப் படிக்கச் சொன்னார். போகலாமாம். நான் கண்ணாடி போடுகிறவன், அதற்கு என்ன செய்வது?

ராயக்கோட்டை அக்கா:

கண்ணாடிக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை கிடைக்கும், வாங்கிக்கொள். பழைய கண்ணாடி இருந்தால் அதையே போடு. செருப்பு வேண்டாம், விரலை மூடும் ஷூ. ஹெல்மெட்டை அங்கேயே தலையில் மாட்டி, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து எடு. நெற்றி தெரிந்தால் வேறு கேள்.